வைரஸ் இறங்கும் நாளில் ஏறும் பாக்டீரியா

கேள்வி சுருக்கமாக இது: வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது என்கிறார்கள். ஆனால் ஃப்ளூ வந்த சிலருக்கு ஒரு வாரம் கழித்து டாக்டரே ஆன்டிபயாடிக் எழுதுகிறார். இன்னொரு பக்கம், பாக்டீரியாவையே கொல்லும் வைரஸ்கள் உண்டு என்றும் படிக்கிறோம். அப்படியானால் வைரஸ் பாக்டீரியாவுக்குத் துணையா, பகையா?

இதில் இரண்டு வகை வைரஸ்கள் கலந்திருக்கின்றன. ஃப்ளூ, தட்டம்மை, கொரோனா, எச்.ஐ.வி. எல்லாம் நம் செல்களுக்குள் பெருகுபவை. பாக்டீரியாவுக்குள் புகுந்து பெருக இவற்றால் முடியாது. பாக்டீரியாவுக்குள் மட்டுமே பெருகும் வைரஸ்களுக்கு ஃபேஜ் என்று பெயர். அவற்றால் மனித செல்லில் பெருக முடியாது. முதல் வகை நம் உடலின் காவலைக் குலைத்து பாக்டீரியாவுக்கு வழிவிடுகிறது. இரண்டாம் வகை பாக்டீரியாவைக் கொல்கிறது; சில நேரம் கொல்லாமல் அதன் கையில் நஞ்சைக் கொடுத்துவிடுகிறது. ஆன்டிபயாடிக் எப்போது, ஏன் என்ற கேள்விக்கு விடை முதல் வகையில்தான் அதிகம் இருக்கிறது. அங்கே தொடங்கலாம்.

1918 ஃப்ளூவில் மக்களைக் கொன்றது வைரஸ் என்றுதான் பொதுவாகச் சொல்கிறோம். 2008இல் மோரன்ஸ், டாபன்பெர்கர், ஃபௌசி ஆகிய மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் அந்தத் தொற்றில் இறந்த 58 அமெரிக்கப் படைவீரர்களின் பாதுகாக்கப்பட்ட நுரையீரல் திசுக்களை மறுபடி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அக்காலத்தில் அச்சான 8,000க்கும் மேற்பட்ட பிரேதப் பரிசோதனைகளின் முடிவுகளையும் தொகுத்தார்கள். பெரும்பாலான மரணங்களில் உயிரை முடித்தது பாக்டீரியா நிமோனியா. நிமோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டஃபைலோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் ஆகியவையே அதில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள். கடைசிப் பெயருக்குப் பின்னால் ஒரு பழைய குழப்பமும் உண்டு. ஃப்ளூ நோயாளிகளின் சளியில் இந்த பாக்டீரியாவைக் கண்ட ஜெர்மன் ஆய்வாளர் ரிச்சர்ட் ஃபைஃபர், ஃப்ளூவுக்குக் காரணமே இதுதான் என்று 1892இல் அறிவித்தார். 'இன்ஃப்ளூயன்ஸே' என்ற அடைமொழி அதற்கு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மனிதரின் ஃப்ளூ வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது 1933இல்தான். ஃபைஃபர் பார்த்தது பொய்யல்ல, பின்னால் வந்த விருந்தாளியை அவர் வீட்டுக்காரன் என்று நினைத்துவிட்டார்.

அந்த விருந்தாளிக்குக் கதவு திறப்பது எப்படி? மூச்சுக்குழாயின் உள்சுவரில் சிலியா என்னும் நுண்ணிழைகள் ஓயாமல் அசைந்து, சளியையும் அதில் சிக்கிய கிருமிகளையும் தொண்டை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். ஃப்ளூ வைரஸ் இந்தச் செல்களைத்தான் அழிக்கிறது. தள்ளும் வேலை நிற்கிறது. செல்கள் உதிர்ந்த இடத்தில் அடிப்படலம் வெளியே தெரிகிறது. பாக்டீரியா ஒட்டிக்கொள்ள அது நல்ல இடம்.

இதற்கு மேல் ஒரு நுட்பமான உதவியும் நடக்கிறது. ஃப்ளூ வைரஸின் மேற்பரப்பில் நியூரமினிடேஸ் என்ற என்சைம் இருக்கிறது. புதிதாகப் பிறந்த வைரஸ்கள் செல்லை விட்டுக் கிளம்ப, செல்லின் மேலுள்ள சியாலிக் அமிலம் என்னும் சர்க்கரையை அது வெட்டிவிடுகிறது. வைரஸ் தன் தேவைக்குச் செய்யும் வேலைதான். ஆனால் சர்க்கரை போன இடத்தில், அதுவரை மறைந்திருந்த ஏற்பிகள் என்னும் ஒட்டுமிடங்கள் வெளிப்பட்டு நிமோகாக்கஸ் பற்றிக்கொள்ள வசதியாகிறது. வெட்டப்பட்ட சர்க்கரை அதற்கு உணவாகவும் போகிறது. உதவி ஒருவழியும் அல்ல. ஃப்ளூ வைரஸ் செல்லுக்குள் நுழைய அதன் ஹீமக்ளூட்டினின் புரதம் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வெட்டப்பட வேண்டும். வழக்கமாக நம் உடலின் என்சைம்கள் அதை வெட்டுகின்றன. ஸ்டஃபைலோகாக்கஸின் சில வகைகள் சுரக்கும் புரத வெட்டி என்சைமும் அதே வேலையைச் செய்து, வைரஸின் பெருக்கத்தை வேகப்படுத்தும்.

முக்கியமான பகுதி நோயெதிர்ப்பில் இருக்கிறது. நுரையீரல் காற்றறைகளில் விழுங்கு செல்கள் காவல் இருக்கின்றன; உள்ளே வரும் சில நூறு பாக்டீரியாக்களைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடுவது இவற்றின் அன்றாடப் பணி. ஃப்ளூ வந்து சில நாள் கழித்து, வைரஸ் புகுந்த செல்களை அழிக்க டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் வருகின்றன. அவை இன்டர்ஃபெரான்-காமா என்னும் சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கின்றன. 2008இல் வெளியான, எலிகளில் நடந்த ஓர் ஆய்வில் சன், மெட்ஸ்கர் இருவரும் காட்டியது இதுதான்: இந்த இன்டர்ஃபெரான், விழுங்கு செல்கள் பாக்டீரியாவைப் பிடிக்கப் பயன்படுத்தும் மார்கோ என்ற ஏற்பியைக் குறைத்துவிடுகிறது. வேறு வகை இன்டர்ஃபெரான்கள், நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களை வரவழைக்கும் சமிக்ஞைகளைக் குறைப்பதும் தெரியவந்திருக்கிறது. ஆக, வைரஸை வெல்வதற்காக உடல் எடுக்கும் நடவடிக்கையே பாக்டீரியாவின் பக்கம் காவலைத் தளர்த்துகிறது. எலிகளில் ஆபத்து உச்சத்துக்குப் போவது வைரஸ் மிகுந்திருக்கும் இரண்டாம், மூன்றாம் நாளில் அல்ல. வைரஸ் இறங்கும் ஏழாம் நாள் வாக்கில். மனிதர்களிலும் ஃப்ளூவுக்குப் பிந்தைய நிமோனியா பெரும்பாலும் முதல் வார முடிவிலும் இரண்டாம் வாரத்திலும்தான் தலைகாட்டுகிறது.

இந்த நாள் கணக்கு புரிந்தால், முதல் நாளே 'எதற்கும் இருக்கட்டும்' என்று போடும் மூன்று நாள் ஆன்டிபயாடிக் ஏன் வீண் என்பதும் புரியும். பின்னால் நிமோனியாவை உண்டாக்கும் பாக்டீரியா பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை. நம் மூக்கிலும் தொண்டையிலும் ஏற்கெனவே குடியிருப்பதுதான். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் மட்டும் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மூக்கில் இருக்கும். முதல் மூன்று நாளில் மாத்திரை போட்டால், மருந்துக்கு மடியும் வகைகள் மடிந்து, மடியாத வகைகள் இடம்பிடிக்கும். மாத்திரை தீர்ந்தபின் ஆறாம், ஏழாம் நாளில் காவல் தளரும்போது உள்ளே இறங்கக் காத்திருப்பவை அவைதான். அப்போது தேவைப்படுவது விலை கூடிய, பக்கவிளைவு கூடிய மருந்து.

கொரோனா காலத்தில் இந்தத் தவறு பெரிய அளவில் நடந்தது. மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளில் 8 சதவீதம் பேருக்குத்தான் பாக்டீரியா தொற்றும் சேர்ந்திருந்தது. ஆனால் சுமார் 75 சதவீதம் பேருக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2024இல் சொன்னது. தொடக்கத்தில் யாருக்கும் எதுவும் தெரியாத நாட்களில் அப்படிக் கொடுத்ததை மன்னிக்கலாம். அந்தப் பழக்கம் அதன்பிறகும் நின்றுபோகாததுதான் பிரச்சினை.

சரி, பாக்டீரியா சேர்ந்துவிட்டது என்பதை எப்படிக் கண்டுகொள்வது? முதல் அடையாளம், காய்ச்சல் குறைந்து ஒன்றிரண்டு நாள் தேறியபிறகு மறுபடி குளிரோடு ஏறுவது. மூச்சை இழுக்கும்போது விலாப்பக்கம் குத்துவது, மூச்சு வேகமாவது, புதிதாகக் குழப்பமாகப் பேசுவது, ரத்த ஆக்ஸிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே போவது எல்லாம் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள். குழந்தை என்றால், அழாமல் அமைதியாக இருக்கும்போது முழுதாக 60 விநாடி மூச்சை எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் தவறும். இரண்டு மாதத்துக்குக் கீழே 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த அளவை எட்டினாலோ தாண்டினாலோ அது வேகமான மூச்சு. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ இருப்பதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. அந்த நிறம் நியூட்ரோஃபில்களில் உள்ள என்சைமால் வருகிறது. வெறும் வைரஸ் சளியிலும் வரும்.

ரத்தப் பரிசோதனைகளில், அழற்சி வந்தால் ஏறும் சி.ஆர்.பி. என்ற புரதத்தின் அளவு ஓரளவு உதவும். நெஞ்சுச்சளி வந்த பெரியவர்களுக்கு லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் ஆன்டிபயாடிக் வேண்டாம், 100க்கு மேல் என்றால் கொடுக்கலாம், இடைப்பட்டால் மருந்துச்சீட்டை எழுதிக் கொடுத்து, தேறாவிட்டால் மட்டும் வாங்கச் சொல்லலாம் என்பது பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2014இல் சொன்ன வழி. இன்னொரு ரத்த அளவீடான புரோகால்சிட்டோனின் மில்லிலிட்டருக்கு 0.25 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் பாக்டீரியா இருக்கும் வாய்ப்பு குறைவு. இரண்டிலும் ஏமாற இடமுண்டு. சி.ஆர்.பி. ஏற 6 முதல் 12 மணி நேரம் ஆகும் என்பதால் காய்ச்சல் தொடங்கியவுடன் எடுத்தால் குறைவாகவே காட்டும். அடினோவைரஸ் போன்றவை பாக்டீரியா இல்லாமலே அதை எகிற வைக்கும். எண்ணை விட நோயாளியின் நிலைதான் பெரிது. குறிப்பாக ஸ்டஃபைலோகாக்கஸ் நிமோனியா ஏழாம் நாளுக்காகக் காத்திருப்பதில்லை. ஃப்ளூவின் மூன்றாம், நான்காம் நாளிலேயே ரத்தம் கலந்த சளியோடு மணிக்கணக்கில் மோசமாகும். அங்கே பரிசோதனை முடிவு வரும்வரை மருந்தை நிறுத்திவைப்பது ஆபத்து.

ஃப்ளூவுக்கு நேரடி மருந்தான ஓசல்டாமிவிர், பெரியவர்களுக்கு 75 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை, ஐந்து நாள். முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். நோய் தீவிரமாக இருந்தால் அதற்குப் பிறகும் கொடுப்பார்கள். அது தடுப்பது மேலே சொன்ன அதே நியூரமினிடேஸைத்தான்.

இன்னொரு பொறி: எப்ஸ்டீன்-பார் வைரஸால் வரும் தொண்டைவலி, கழுத்துக்கட்டி, காய்ச்சல். பார்வைக்கு அச்சு அசல் பாக்டீரியா டான்சிலைட்டிஸ் போலவே இருக்கும். இதற்கு பென்சிலின் வகை ஆன்டிபயாடிக்கான அமாக்சிசிலின் கொடுத்தால் பலருக்கு உடலெங்கும் தடிப்பு வரும். அது பெரும்பாலும் உண்மையான பென்சிலின் ஒவ்வாமை அல்ல. ஆனால் நோயாளியின் கோப்பில் 'பென்சிலின் அலர்ஜி' என்று ஏறிவிட்டால், பின்னாளில் பென்சிலின் தேவைப்படும் நோய்களில்கூட இரண்டாம்தர மருந்துதான் கிடைக்கும்.

தட்டம்மை செய்வது வேறு மாதிரி. ஃப்ளூ சில வாரங்களுக்குக் காவலைத் தளர்த்துகிறது என்றால், தட்டம்மை நினைவையே அழிக்கிறது. 1908இலேயே கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே, டிபி பாசிட்டிவாக இருந்த குழந்தைகளின் தோல் பரிசோதனை தட்டம்மை வந்தபோது நெகட்டிவாக மாறுவதைக் கவனித்தார். டிபி போய்விடவில்லை, அதை நினைவில் வைத்திருந்த செல்கள் செயலிழந்திருந்தன. தட்டம்மை வைரஸ் பற்றிக்கொள்ளும் சி.டி.150 ஏற்பி, பழைய நோய்களை நினைவில் வைத்திருக்கும் பி, டி செல்களின் மேல் இருக்கிறது. அந்தச் செல்களையே வைரஸ் அழிக்கிறது. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 குழந்தைகளின் ரத்தத்தை நோய்க்கு முன்னும் பின்னும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. மற்ற கிருமிகளுக்கு எதிராகக் குழந்தைகள் சேர்த்திருந்த ஆன்டிபாடிகளில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தன. அவை மறுபடி சேர, அந்தக் கிருமிகளை மறுபடி சந்திக்க வேண்டும். தட்டம்மைக்குப் பின் நிமோனியாவும் காதில் சீழும் வயிற்றுப்போக்கும் மாதக்கணக்கில் தொடர்வதற்கு இது ஒரு காரணம். தடுப்பூசியில் இருக்கும் பலமிழந்த வைரஸ் இந்த அழிவைச் செய்வதில்லை.

தட்டம்மை வந்த குழந்தைக்கு வைட்டமின் ஏ கட்டாயம்: ஆறு மாதத்துக்குக் கீழே 50,000 யூனிட், ஆறு முதல் பதினொரு மாதம் வரை 1,00,000, ஒரு வயதும் அதற்கு மேலும் 2,00,000. கண்டறிந்த அன்று ஒரு முறை, மறுநாள் ஒரு முறை. இதை மருத்துவர் கையால்தான் கொடுக்க வேண்டும். வீட்டில் தொடர்ந்து கொடுத்தால் வைட்டமின் ஏ நச்சாகும்.

எச்.ஐ.வி. எதிர்ப்பு சக்தியைக் குலைக்க, டிபி தலைதூக்கும் கதை பலருக்கும் தெரிந்தது. தெரியாத ஒரு திருப்பம் மட்டும்: எதிர்ப்பு சக்தி திரும்பி வருவதும் ஆபத்தாகலாம். எச்.ஐ.வி. மருந்து தொடங்கியதும் மீண்டு வரும் டி செல்கள், உடலில் மறைந்திருக்கும் டிபி பாக்டீரியா மேல் ஒரே நேரத்தில் பாய்ந்து கடுமையான அழற்சியை உண்டாக்கும். ஆகவே முதலில் டிபி மருந்து, இரண்டு வாரத்துக்குள் எச்.ஐ.வி. மருந்து என்பது வரிசை. டிபி மூளை உறையில் இருந்தால் மட்டும் நான்கு முதல் எட்டு வாரம் தள்ளிப்போடுவார்கள். மண்டையோட்டுக்குள் வீக்கத்துக்கு இடமில்லை.

இனி ஃபேஜ்கள். 1915இல் ஃபிரெடெரிக் ட்வோர்ட்டும், 1917இல் ஃபெலிக்ஸ் டெரெல்லும் தனித்தனியாக இவற்றைக் கண்டார்கள். ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவைத் தாக்கும் டி4 ஃபேஜ், தன் டி.என்.ஏ.வை உள்ளே செலுத்தி, 37 டிகிரியில் சுமார் 25 முதல் 30 நிமிடத்தில் நூறுக்கும் மேற்பட்ட புதிய ஃபேஜ்களை உண்டாக்கி பாக்டீரியாவை வெடிக்கச் செய்துவிடும். பாக்டீரியாவும் சும்மா இருப்பதில்லை. தாக்கிய ஃபேஜின் டி.என்.ஏ. துண்டைத் தன் மரபணுத்தொகுப்பில் செருகி வைத்து, அடுத்த முறை அதே ஃபேஜ் வந்தால் அடையாளம் கண்டு வெட்டும் கிரிஸ்பர் என்பது பாக்டீரியாவின் நோயெதிர்ப்பு நினைவுதான். தயிர், பாலாடைக்கட்டி தயாரிப்பில் பயன்படும் ஒரு ஸ்ட்ரெப்டோகாக்கஸில் இது 2007இல் சோதனையாக நிரூபிக்கப்பட்டது.

எல்லா ஃபேஜும் கொல்வதில்லை. சில, தம் டி.என்.ஏ.வை பாக்டீரியாவின் குரோமோசோமில் சேர்த்துவிட்டு அமைதியாக இருக்கும். பொதுச் சுகாதாரத்துக்குப் பெரிய தலைவலி இவைதான். டிப்தீரியா பாக்டீரியா நஞ்சு உண்டாக்க அதற்குள் ஒரு ஃபேஜ் குடியிருக்க வேண்டும் என்று விக்டர் ஃப்ரீமன் 1951இல் காட்டினார். நஞ்சின் மரபணு ஃபேஜுடையது. டிப்தீரியா தடுப்பூசி, பாக்டீரியாவின் உடலுக்கு எதிரானது அல்ல. ஒரு வைரஸ் மரபணுவிலிருந்து வரும் நஞ்சுக்கு எதிரானது. தடுப்பூசி போட்டவர் தொண்டையிலும் பாக்டீரியா இருக்கலாம் என்பதற்கும், நோய் சந்தேகம் வந்தவுடனே ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் நஞ்சுமுறி கொடுக்க வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் நிறுத்தும், ஏற்கெனவே சுரந்த நஞ்சை அல்ல. செல்லுக்குள் போய்விட்ட நஞ்சை நஞ்சுமுறியாலும் மீட்க முடியாது.

காலராவிலும் இதே கதை. காலரா நஞ்சின் மரபணு ஒரு ஃபேஜில் இருப்பதை வால்டோர், மெகலானோஸ் இருவரும் 1996இல் காட்டினார்கள். காலரா பாக்டீரியா நம் குடலில் குடியேற ஒரு வகை நுண்தூவியைப் பயன்படுத்துகிறது. அந்த ஃபேஜ் உள்ளே நுழைவதும் அதே தூவி வழியாகத்தான்.

நடைமுறையில் மிகக் கவனம் வேண்டியது ஷிகா நஞ்சு சுரக்கும் ஈ.கோலை. இங்கேயும் நஞ்சு மரபணு உறங்கும் ஃபேஜில் இருக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும்போது அபாய சமிக்ஞை கிளம்புகிறது. ஃபேஜ் விழித்துப் பெருகுகிறது. கூடவே நஞ்சும் பெருகி, பாக்டீரியா வெடிக்கும்போது குடலில் கொட்டுகிறது. அதிகக் காய்ச்சல் இல்லாமல் ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு, மலப் பரிசோதனைக்கு முன் ஆன்டிபயாடிக்கோ லோபரமைடு போல குடலைக் கட்டும் மருந்தோ கொடுக்கக் கூடாது என்பது இதனால்தான். இந்த நஞ்சால் சிறுநீரகம் பாதிக்கப்படுவது வயிற்றுப்போக்கு தொடங்கி ஏறத்தாழ ஒரு வாரத்தில், பேதி குறைந்து 'சரியாகிவிட்டது' என்று நினைக்கும் நேரத்தில். சிறுநீர் குறைவது, முகம் வெளுப்பது, சிறு சிவப்புப் புள்ளிகள் தோன்றுவது ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். 2011இல் ஜெர்மனியில் முளைவிட்ட வெந்தயம் வழியாகப் பரவிய ஓ104 வகை, அதுவரை ஷிகா நஞ்சோடு அதிகம் அறியப்படாத ஓர் ஈ.கோலை இந்த ஃபேஜைப் பெற்றதால் உருவானது. 800க்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பாதித்தது. 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

கொல்லும் ஃபேஜ்களை மருந்தாக்கலாமே என்றால், ஆக்குகிறார்கள். ஜார்ஜியாவின் திபிலிசியில் 1923 முதல் இதற்கென ஒரு நிறுவனமே இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு ஃபேஜும் ஓர் இனத்தின் சில வகைகளை மட்டுமே தாக்கும். நோயாளியின் பாக்டீரியாவை எடுத்துப் பொருத்திப் பார்க்க வேண்டும். தயாரிப்பில் பாக்டீரியா சிதையும்போது வெளிப்படும் எண்டோடாக்சின் என்னும் நஞ்சை நீக்க வேண்டும். வீரியமும் குறையாமல் இருக்க வேண்டும். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் தீக்காயத் தொற்றுக்கு நடந்த ஃபேகோபர்ன் ஆய்வில், மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் ஃபேஜ் போய்ச்சேர வேண்டிய இடத்தில், வீரியம் குறைந்து 10 முதல் 100 வரைதான் போனது. வழக்கமான களிம்பே அதைவிட வேகமாக வேலை செய்தது. தற்போதைக்கு ஃபேஜ் மருத்துவம், எந்த ஆன்டிபயாடிக்கும் கேட்காத தனி நோயாளிகளுக்கான வழி. காய்ச்சலுக்குக் கடையில் வாங்கும் பொருள் அல்ல.

இந்த உறவுகளை முன்கூட்டியே அறுப்பது தடுப்பூசி. தென்னாப்பிரிக்காவில் மாதி, கிளக்மன் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. குழந்தைகளுக்குக் கொடுத்தது நிமோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவுக்கான தடுப்பூசி. குறைந்ததோ, வைரஸ் கண்டறியப்பட்டு மருத்துவமனையில் சேர்ந்த நிமோனியா, 31 சதவீதம். 'வைரஸ் நிமோனியா' என்று எழுதப்பட்டவற்றில் கணிசமான பங்கில் பாக்டீரியாவும் கூட்டாளியாக இருந்திருக்கிறது; பரிசோதனையில் வைரஸ் மட்டும் சிக்கியது. மறுபக்கமும் உண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2000இல் எல்லோருக்கும் இலவச ஃப்ளூ தடுப்பூசி தொடங்கியபின், ஃப்ளூவோடு தொடர்புடைய ஆன்டிபயாடிக் சீட்டுகள் மற்ற மாகாணங்களை விட வெகுவாகக் குறைந்தன. 2019இல் மட்டும் மருந்துக்கு மசியாத பாக்டீரியாவால் நேரடியாக 12.7 லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. வைரஸ் தடுப்பூசியும் அந்தக் கணக்கைக் குறைக்கும் கருவிதான்.

65 வயது கடந்தவர்கள், சர்க்கரை நோய், இதய நோய், ஆஸ்துமா, சிறுநீரக நோய் உள்ளவர்கள், மண்ணீரல் நீக்கப்பட்டவர்கள் ஃப்ளூ, நிமோகாக்கஸ் தடுப்பூசிகள் இரண்டையும் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் இரு கைகளில் போடலாம். ஃப்ளூ ஊசி ஆண்டுதோறும்; ஆன்டிபாடி உருவாக இரண்டு வாரம் ஆகும் என்பதால் பருவம் தொடங்கும் முன்பே போட வேண்டும். நிமோகாக்கஸ் ஊசி அப்படி ஆண்டுதோறும் தேவையில்லை. எந்த வகை, எத்தனை தவணை என்பது வயதையும் முன்பு போட்டதையும் பொறுத்தது என்பதால் பழைய ஊசிச் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.